கம்பளி சூடு தராது, பாப்பா

சுங்கை சிப்புட்
ஜனவரி 14

அன்புப் பாப்பாவுக்கு,

கனடாவில், உன் எட்மண்டனில் மைனஸ் 31 டிகிரி, கார் சாவியைத் திருப்பினால் 'டொக் டொக்' என்ற சத்தம் மட்டும்தான் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தம்பியும் நானும் ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தோம். இதை அவன் படம் எடுத்து உனக்கு அனுப்புவான்.

பானட் மேல் கம்பளி போர்த்துகிறேன் என்றாய். கம்பளி சூடு தராது தாயி, இருக்கிற சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் நிறுத்திய எஞ்சின் விடிவதற்குள் வெளிக்குளிருக்கே இறங்கிவிடும். கம்பளியை மறந்து பானட்டுக்குள் விட்டால் தீப்பிடிக்கும். அதை இன்றோடு விட்டுவிடு.

ரப்பர் தோட்டத்தில் நான் ஓட்டிய டீசல் லாரி உனக்கு நினைவிருக்கும். மழைக்கால விடியலில் ரப்பர் பால் ஏற்றப் போகும்போது சாவியைப் பாதி திருப்பி, டீசல் எஞ்சினைக் கிளப்புமுன் சூடாக்கும் குளோ பிளக்கின் விளக்கு அணையும்வரை காத்திருப்பேன். பாட்டரி வீக்கான நாட்களில் மேட்டில் நிறுத்தி, டயருக்குக் கல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டுக் கிளட்சை விட்டால் உயிர் வந்துவிடும். நம் ஊர் 23 டிகிரியிலேயே அந்தப் பாடு. உன்னுடையது ஆட்டோ கியர், தள்ளியும் கிளப்ப முடியாது.

மைனஸ் 18க்கே பாட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சின் ஆயிலோ மங்கில், அதான் மரத்தில் கட்டும் கிண்ணத்தில், கட்டிப்போன ரப்பர் பால் மாதிரி தடித்துக் கிடக்கும். பலமில்லாத பாட்டரி அதை எப்படிச் சுழற்றும்?

அதற்குத்தான் பிளாக் ஹீட்டர். எஞ்சினுக்குள் இருக்கும் கூலன்ட் தண்ணீரைக் கரண்டில் சூடாக்கும், அந்தச் சூடு எஞ்சின் முழுக்கப் பரவும். அந்தப் பக்கத்துக் கார்கள் நிறையவற்றில் இது இருக்குமாம். முன் கிரில் பக்கம் ஒரு பிளக் சுருண்டு கிடக்கிறதா, கையுறை போட்டுக்கொண்டு பார். இருந்தால் ராத்திரி முழுக்கச் சொருகி வைக்க வேண்டியதில்லை. கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் போதும். டைமர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் நீ எழுந்திருக்கும்போது எஞ்சின் தயாராக இருக்கும். எக்ஸ்டென்ஷன் வயர் வெளியில் போடக்கூடிய தடித்த வயராக இருக்கட்டும். வண்டியை எடுக்குமுன் பிளக்கைக் கழற்றிவிட்டாயா என்று பார்த்துக்கொள்.

பிளக் இல்லையென்றால் ஒர்க்ஷாப்பில் கேட்டுப் போட்டுக்கொள், பணம் நான் அனுப்புகிறேன். அப்படியே குளிரிலும் அதிகம் தடிக்காத 0டபிள்யூ ரக ஆயில் போடலாமா என்று கேள். கூலன்டையும் சோதிக்கச் சொல். உறையாமல் காக்கும் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 37 வரை உறையாது.

இன்னொன்று. சூடாகட்டும் என்று மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதே. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது, தெரியுமுன்னே ஆளை எடுத்துவிடும். இதை மட்டும் அப்பாவுக்காகக் கட்டாயம் கேள்.

அம்மா உனக்கு மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சல் போடுவோம். கிரில் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. எத்தனை மணியானாலும் சரி, நான் முழித்திருப்பேன்.

அப்பா