பழகுநர் பயிற்சிக்கு ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் கையில் பணம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) ஃபிட்டர் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி அளித்து ஓய்வுபெற்றவன் நான். நிறுவனங்களில் வேலை பழகும் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சிக்காக அரசு செலவிடும் நிதி, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கிடைப்பதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ.யில் சேரும் மாணவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை, சீருடை, காலணி எல்லாம் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியாக மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. இவற்றால் படிப்பைத் தொடர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் படிப்பு முடிந்தவுடன் இவையும் முடிந்துவிடுகின்றன. அதுவரை வீட்டுச் சோறு சாப்பிட்டு, பயண அட்டையில் வந்துபோன பிள்ளை, முதன்முறையாக ஒரகடத்துக்கோ ஓசூருக்கோ பெட்டியுடன் கிளம்ப வேண்டிய வாரத்தில் அரசின் கை விலகிக்கொள்கிறது.

எங்கள் பிரிவில் படித்த ஒரு மாணவியை என்னால் மறக்க முடியவில்லை. ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர்; தந்தை கட்டட வேலைக்குப் போகிறவர். அந்த மாணவி அரம் போட்டு ராவிய வேலைத்துண்டை வெர்னியர் அளவுகோலில் அளந்தால், கேட்ட அளவிலிருந்து 0.04 மில்லிமீட்டருக்கு மேல் விலகாது. சேர்க்கை முகாமில் ஒரு தொழிற்சாலை அவரை ஓராண்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. அறைக்கு முன்பணம், மெஸ்ஸுக்கு முன்பணம், பேருந்துச் செலவு என்று கிளம்புவதற்கே வட்டிக்கு வாங்கினார்கள். வேலையில் சேர்ந்த மாதத்துக்கான உதவித்தொகை அடுத்த மாதம்தான் கைக்கு வரும். அது வந்தபோது வட்டி, வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. 6ஆவது வாரத்தில் ஊர் திரும்பியவர் இப்போது துணிக்கடையில் நிற்கிறார். அவருக்குத் தொழில் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தொழிற்பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பட்டியலின, பழங்குடி வகுப்பினருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் பிரிவு 1973ஆம் ஆண்டின் திருத்தத்திலேயே சேர்க்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கான பிரிவு பின்னர் வந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 விழுக்காடு முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஆகவே இடம் இல்லை என்பது இங்கே சிக்கலே இல்லை. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து ஓராண்டு தாக்குப்பிடிப்பதற்கான வழிதான் இல்லை.

2016இல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ், நிறுவனம் பழகுநருக்குத் தரும் மாத உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, ஒன்றிய அரசு ஏற்கிறது. முன்பு நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்துவந்த இந்தப் பங்கை 2023 முதல் பழகுநரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது மனமார வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் 2019ஆம் ஆண்டின் விதிப்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய். அதில் கால் பங்கு 1,750 ரூபாய் ஆகிறது என்றாலும் அரசு தருவது 1,500தான். உதவித்தொகையை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 2025இல் பரிந்துரைத்தது. உச்சவரம்பு அப்படியே இருக்க உதவித்தொகை மட்டும் உயர்ந்தால், கூடும் சுமை முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழும். அப்போது முதலில் கழித்துக்கட்டப்படுபவர்கள், ‘கூடுதல் ஏற்பாடு தேவைப்படும்’ என்று கருதப்படும் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும்தான்.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, தொழிற்சாலைக்கு அடுத்த தெருவில் வீடு உள்ளவருக்கும் கல்வராயன் மலையிலிருந்து வருகிறவருக்கும் ஒரே தொகை என்பது. தடைகள் வேறுபடும்போது உதவியும் வேறுபட வேண்டும் என்பதை ஒன்றிய அரசு அறியாமல் இல்லை. வடகிழக்கு மாநில இளைஞர்களுக்கு மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகத் தரும் முன்னோட்டத் திட்டம் 2025இல் ஐஸ்வாலில் தொடங்கப்பட்டது. அதே நியாயம் நம் மலைக்கிராமங்களுக்கும், வீட்டிலிருந்து வெகுதூரம் போக வேண்டியுள்ள பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருந்தும்.

ஆகவே, நிறுவனத்துடனான பழகுநர் ஒப்பந்தம் பதிவாகும் நாளிலேயே தங்குமிட முன்பணத்துக்கும் முதல் மாதச் சாப்பாட்டுக்கும் போதுமான ஒரு தொகையை இவர்களுக்கு மானியமாக முன்கூட்டியே தர வேண்டும். செலவழித்துவிட்டு ரசீது கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் முறை, கையில் பணம் உள்ளவருக்கே பயன்படும். வேலைக்குப் போகும் பெண்களுக்கான மாநில அரசின் தோழி விடுதிகளில் பழகுநர்களுக்கென்று சில படுக்கைகளைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கலாம். சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர்; அதனால் சம்பளச் சீட்டு கேட்கப்படும் இடங்களில் பழகுநர் ஒப்பந்தத்தையே ஆவணமாக ஏற்க வேண்டும்.

நிறுவனங்களுக்கும் உதவி வேண்டும். குறிப்பாகத் தொழிற்பேட்டைகளில் 10, 15 பேரை வைத்து லேத்தும் மில்லிங் இயந்திரமும் ஓட்டும் சிறு பட்டறைகளுக்கு. அங்கே ஒரு பெண் பழகுநரை எடுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் முதலாளியின் மனம் அல்ல, தனிக் கழிப்பறையும் உடை மாற்ற அறையும் இல்லாமைதான். காது கேளாத என் மாணவர் ஒருவரை ஒரு பட்டறையில் தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள். எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கு ஒன்றை இணைத்ததும் அந்தத் தயக்கம் தீர்ந்தது. இத்தகைய மாற்றங்களுக்கு ஒருமுறை மானியம் தந்து, அதன் கடைசித் தவணையைப் பழகுநர் ஓராண்டை முடித்துத் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ்த் தேர்வு எழுதிய பிறகே விடுவிக்கலாம். சேர்த்த எண்ணிக்கைக்கு மட்டும் பணம் தந்தால், 6ஆவது வாரத்தில் திரும்பி வந்தவரும் வெற்றிக் கணக்கிலேயே நிற்பார்.

மாவட்டவாரியாக, தொழிற்பிரிவுவாரியாக எத்தனை பெண்கள், எத்தனை பழங்குடியினர், எத்தனை மாற்றுத்திறனாளிகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், இடையில் நின்றவர்கள் எந்த மாதத்தில் நின்றார்கள் என்ற விவரத்தை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆண்டுதோறும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் கட்ட ஊக்குவிப்புத் திட்டம் 2025-26ஆம் நிதியாண்டு வரைக்குமாக வகுக்கப்பட்டது. அடுத்த கட்டத்துக்கான விதிகளில் முன்பண மானியத்துக்குத் தனி நிதி ஒதுக்கும்படி மாநில அரசு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். அது வரும்வரை புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவியைப் பழகுநர் பயிற்சியின் ஓராண்டுக்கும் நீட்டிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிப் பயிற்சி அலுவலர்,
திருவண்ணாமலை மாவட்டம்