கிலோவுக்குப் போடாத சைக்கிள்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை. மீதியை அண்ணன் வாங்கித் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறான். பரணில் கிடக்கிற சின்னத் தாத்தா சைக்கிள் சமாச்சாரத்தில் அவனை நடுவில் வைத்துக்கொண்டு பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

வேலை அதே பழைய இரும்புக் கடைதான். லாரியில் வருவதை இறக்கி, இரும்பு, செம்பு, அலுமினியம் என்று பிரித்து, எடை போட்டு ஏற்றி அனுப்ப வேண்டும். தவுக்கே, அதாவது முதலாளி, சீனர், கறார் பேர்வழி. ஆனால் சம்பளத்தை இழுத்தடிக்கிற ஆள் இல்லை. சாப்பாட்டுக்கும் குறையில்லை. கடைத்தெருவில் காலையில் தோசை கிடைக்கிறது, சாயங்காலம் தே தாரிக் என்கிற ஆற்றிய டீ கிடைக்கிறது. எதிரில் வருகிறவர் தமிழில்தான் பேசுகிறார். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய ரோட்டில் இருக்கிறது இந்த ஊர். இந்த நாட்டில் மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றதும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில்தான். அவற்றில் ஒன்றான எல்பில் தோட்டத்தின் பெயரை இன்றைக்கும் குரலைத் தாழ்த்திச் சொல்கிற கிழவர்கள் இருக்கிறார்கள். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை ஓடியது. இப்போது ரப்பர் பால்மரம் அநேகமாகப் போய்விட்டது, எங்கே பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. லயத்து வீடுகளையும் பழைய பங்களாக்களையும் இடிக்க இடிக்க, உள்ளே இருந்ததெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வந்து சேர்கிறது.

அப்படி ஒரு லோடில்தான் அந்தச் சைக்கிளும் வந்தது. கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை அப்பியிருந்தார்கள். பின்னால் கேரியர் தாங்க ஒரு பட்டையை வெல்டிங் வைத்திருந்தார்கள். ஒரு கையால் தூக்கிக் குவியலில் எறியப் போனேன். நான் நினைத்த எடை அதில் இல்லை. நம் சைக்கிள் கடையில் கிடந்த ஹெர்குலிஸையும் அட்லஸையும் சின்ன வயசிலிருந்து தூக்கிப் பழகிய கை இது, ஏமாறாது. எடை மேடையில் வைத்துப் பார்த்தேன், மட்கார்டு எல்லாம் சேர்த்தே 13 கிலோதான். நம் ஊர் வண்டி சாதாரணமாக 20 கிலோவைத் தொடும். பல் சக்கரத்தைத் துடைத்தேன். மூன்று கொக்குத் தலைகள், இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் முத்திரை. ராலே.

கடைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்து ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வேலி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிற சாமானையெல்லாம் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. "அத கிலோவுக்குப் போட்டுடாத தம்பி, அது கிராணிமாரு ஓட்டுற சைக்கிளு" என்று அங்கிருந்தே கத்தினார். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. தவுக்கேயிடம் கேட்டேன். எடைக்கு என்ன வருமோ அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்றார். லேசான வண்டியாச்சே, பிடித்ததும் லேசாகத்தான் இருந்தது. அவருக்கு எடை ஏறினால் காசு. இந்த ரகச் சைக்கிளுக்கு எடை இறங்கினால்தான் மதிப்பு. அவரிடம் அதை விளக்கவில்லை.

பச்சைப் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்ததில், சீட் டியூபில் பாதி அழிந்த ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. ரெனால்ட்ஸ் 531. பர்மிங்ஹாமில் 1935இல் வந்த குழாய் அது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு. கலவையின் விகிதத்தை வைத்துத்தான் அந்த எண்ணாம். எஃகில் பலம் அதிகம் என்பதால் குழாயின் சுவரை மெலிதாக வைக்கலாம். உயர்ந்த ரகத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. மூட்டுக்குள் போகிற இரண்டு முனையும் தடிமனாக இருக்கும், நடுவில் உள்பக்கமாக அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துவிடும். வெளியே தடவிப் பார்த்தால் ஒரே சீராகத்தான் இருக்கும். இந்த வித்தைக்கு ரெனால்ட்ஸ்காரர்கள் 1897லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

உங்களுக்குப் பிடிக்கிற சேதி ஒன்று. நீங்கள் காலமெல்லாம் விற்ற ஹெர்குலிஸைச் செய்த அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், முருகப்பா குழுமமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் தொடங்கியது. அந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் அந்தக் காலத்தில் ரெனால்ட்ஸுக்கும் முதலாளி. ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வெல்டிங் வைத்த பட்டையை என்ன செய்வது என்று பெரியவரைக் கேட்டேன். கேஸ் வைத்து அறுத்தால் வண்டியைத் தொடாதே என்றார். இந்தக் குழாயை மூட்டு லக்கில் செருகிப் பித்தளை வார்த்துத்தான் பிடிக்க வைப்பார்கள், அந்தச் சூட்டைத் தாங்கும். வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்தில் எஃகு தளர்ந்துபோகும். நம் பஸ் ஸ்டாண்டு பட்டறையில் பிரேமுக்குத் தட்டி ஒட்டுகிற கதை இதில் நடக்காது. ரம்பத்தால் அறுத்து, அரத்தால் சாயங்காலம் சாயங்காலமாக ராவி எடுத்தேன். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜப்பான்காரன் காலத்துக் கதை சொல்வார். 1941 டிசம்பரில் வந்து இறங்கிய படையில் ஏராளமானோர், சைக்கிளிலேயே மலாயாவைக் கடந்து சிங்கப்பூர் பக்கம் போனார்கள். டியூப் வெடித்தால் வெறும் ரிம்மில் ஓட்டுவார்களாம். ரப்பர் விளைகிற நாட்டில் டயர் இல்லாமல் ஓட்டியிருக்கிறான் பார் என்று சிரிப்பார்.

பின் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியுடையது, மூன்று கியரும் அதற்குள்ளேயே, ஏ.டபிள்யூ. என்று அடித்திருக்கிறது. அதன் பக்கத்தில் 54. போருக்குப் பின்னால் வந்த ஹப்களில் வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணையும் மாதத்தையும் அடித்துவிடுவார்கள். சக்கரம் மாறியிருந்தால் பிரேமின் வயது வேறாக இருக்கும், அதனால் ஹப்பை மட்டும் நம்பிச் சத்தியம் பண்ணக்கூடாது. உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மெல்லிசு எண்ணெய் ஊற்றினேன். சுற்றினால் டிக் டிக் என்று சத்தம் வந்துவிட்டது. நடுக் கியர் நேர் ஓட்டம், மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், கீழ்க் கியரில் கால் பங்கு குறைவு. கேபிளைச் சரியாக வைக்காவிட்டால் நடுவுக்கும் மேலுக்கும் இடையில் பெடல் காலியாகச் சுற்றும். எழுந்து நின்று மிதித்தால் பல் போய்விடும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. நடுக் கியரில் வைத்து, அச்சு நட்டில் இருக்கும் ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். உள்ளே போகிற சங்கிலிக் கம்பியின் தோள் அச்சு முனைக்குச் சமமாக நின்றால் சரி. டார்ச் அடித்துப் பார்த்தபோது அது நூல் பிடித்தாற்போல் வந்து நின்றது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தலைவலி பி.பி. கப்தான், பெடல் அச்சு சுற்றுகிற இடத்தில் மரையோடு முறுக்குகிற கிண்ணம். மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் மரை ஒரு அங்குலத்துக்கு 24. ராலே நாட்டிங்ஹாமில் தனக்கென்று 26 மரை வைத்துக்கொண்டது. கடையில் புதுசு வாங்கி முறுக்கினால் ஏறுவது மாதிரி இரண்டு சுற்று ஏறி, மரையைத் தின்றுவிடும். அதனால் பழைய கப் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தூக்கிப் போடக்கூடாது. பால்ரஸ் குண்டை மட்டும் புதுசாக மாற்றிப் போட்டேன், ஓடுகிறது.

அடுத்து பெயிண்ட். இதில் நீங்கள் என்மேல் கோபப்படுவீர்கள். நம் கடையில் ஓவராயிலிங் என்றால் சுரண்டி, கருப்பு எனாமல் அடித்து, கோடு இழுத்து, பளபளவென்று கொடுத்தால்தான் ஆளுக்குத் திருப்தி. பத்து வருஷம் ஓடிய வண்டிக்கு அது சரி. இந்த வண்டிக்கு வேண்டாம் என்பது என் கட்சி. பச்சைக்கு அடியில் கம்பெனி அடித்த கருநீலம் இருக்கிறது, லக்கைச் சுற்றித் தங்கக் கோடு இருக்கிறது. அங்கங்கே உதிர்ந்திருக்கிறது, இருக்கட்டும். பெயிண்ட் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். கம்பெனி பெயிண்ட் ஒரு முறைதான். தின்னர் போட்டால் பச்சையோடு கருநீலமும் வந்துவிடும். பிளாஸ்டிக் துண்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, கார் பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். குரோமியத் துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். நீங்கள் ஊற்றுகிற ஆசிட் வேண்டவே வேண்டாம்.

இங்கே பழைய சைக்கிள் பிரியர்கள் நிறைய. மலாய்க்காரர்கள் அந்தக் காலத்து உடுப்பு போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக ஓட்டிப் போவார்கள், பார்க்க அழகு. அவர்களில் பெரும்பாலோருக்குக் கம்பி பிரேக் போட்ட கனத்த வண்டிதான் உயிர். என் வண்டியைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் ஒல்லி என்றார் ஒருவர். அதுவும் நல்லதுக்குத்தான். விலை ஏறாமல் இருக்கிறது. இப்போது இன்னொரு பிரேம் மட்டும் கிடைத்திருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்த காரியத்துக்கு வருகிறேன். சின்னத் தாத்தா ரஜூலா கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கிக் கொண்டு வந்தாரே, அந்தச் சைக்கிள் மாட்டுக் கொட்டகைப் பரணில் இருக்கிறதா? அண்ணன் அதை எடைக்குப் போடப் போகிறேன் என்று போனில் சொன்னான். தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். இறக்கி வைத்து மூன்று காரியம் பாருங்கள். பின் ஹப்பில் என்ன எண் அடித்திருக்கிறது என்று துடைத்துப் படியுங்கள். சீட் கம்பியைக் கழற்றி வெர்னியரில் விட்டத்தை அளந்து எழுதுங்கள். 27.2 மில்லி வந்தால் அது நடு மெலிந்த 531 குழாயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு (என்னுடையது அவ்வளவு இல்லை, அது சுவர் தடித்த ரகம்). சீட் கம்பி அசையவில்லை என்றால் அடிக்காதீர்கள், எண்ணெய் விட்டு வையுங்கள். பி.பி.க்கு அடியில் நம்பர் இருந்தால் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து அனுப்புங்கள். பெயிண்ட் மேல் கை வைக்க வேண்டாம், குழந்தையை ஏறி விளையாடவும் விடாதீர்கள்.

அப்புறம், கடை மேஜை இழுப்பறையில் காபி டப்பாவில் கிராங்கை அச்சோடு பிடிக்கிற பழைய காட்டர் பின் வைத்திருப்பீர்களே, அதில் ஒன்பதரை மில்லி இருந்தால் ஒரு கை நிறைய அனுப்புங்கள். இங்கே கிடைப்பது மெத்தென்ற இரும்பு, கிராங்கில் அடித்தால் நசுங்கிப் போகிறது. மேலத்தெருப் பையன் லீவு முடிந்து திரும்பும்போது கொடுத்தனுப்பலாம். சம்பளத்தில் அம்மா மருந்துக்கும் சீட்டுப் பணத்துக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அண்ணியிடம் ரசீது வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
சின்னவன்