மாமாவுக்கு, நவம்பர் 29

அன்புள்ள மாமா,

ஐந்து வருடம் ஆகிவிட்டது.

நாம் பேசிக்கொள்ளாமல் இல்லை. அப்பாவின் திதிக்கு வந்தீர்கள். தங்கையின் வளைகாப்பில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டோம். சர்க்கரை அளவு, வீட்டு வரி, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலை என்று எல்லாம் பேசினோம். ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் என்ற சொல் மட்டும் இருவர் வாயிலும் வரவில்லை. ஒருமுறை சுரேஷ் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனைப் பற்றி ஏதோ கேட்டான். நீங்கள் கை கழுவ எழுந்துவிட்டீர்கள், பாயசம் வருவதற்கு முன்பே.

இதை உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் 2018 மார்ச்சில் ஹாலோவை, அதாவது ஓட்டுநரின் தலையைக் காக்க அந்த ஆண்டு வந்த வளைவுக் கம்பியைத் திட்டி நான் எழுதியது இதே இடத்தில்தான். ஊரறியத் திட்டிவிட்டு உங்கள் காதில் மட்டும் மன்னிப்புக் கேட்பது சரியில்லை. அத்தை படிப்பார்கள், சுரேஷ் படிப்பான், முகம் தெரியாத சிலரும் படிப்பார்கள். ஆகவே சிலவற்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். உங்களுக்குப் புரியும்.

அன்று நான் எழுதியதை நேற்று இரவு மறுபடி படித்தேன். ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹவாய் செருப்பின் வாரைக் கவிழ்த்து மாட்டியிருக்கிறார்கள் என்று தொடங்கியிருக்கிறேன். ஹெல்மெட் தெரியவில்லை, கை தெரியவில்லை, இனி காரை ஓட்டுவது மனிதனா பொம்மையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறேன். மெர்சிடிஸ் அணியின் டோட்டோ வோல்ஃப், ரம்பம் கிடைத்தால் அறுத்து எறிந்துவிடுவேன் என்று சொன்னதைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன். பழைய உலக சாம்பியன் நிக்கி லவுடாவையும் விடவில்லை. 1976இல் நூர்பர்க்ரிங்கில் தீயில் வெந்த மனிதரே வேண்டாம் என்கிறார், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு என்ன வந்தது என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கடைசி வரி உங்களைக் குறித்து எழுதியதுதான். நீங்கள் அதைக் கண்டுகொண்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் சண்டை போடவில்லை. ‘ஹென்றி சர்டீஸ் என்று ஒரு பையன் இருந்தான், தேடிப் படி’ என்று மட்டும் சொன்னீர்கள். நான் தேடவில்லை. 2020 டிசம்பரில்தான் தேடினேன். 2009, பிராண்ட்ஸ் ஹாட்ச், ஃபார்முலா 2 பந்தயம். வேறொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் அவன் தலையில் அடித்தது. இறந்தபோது வயது 18. உங்கள் ஜான் சர்டீஸின் மகன். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உலகப் பட்டம் வென்ற ஒரே மனிதர் என்று சிறுவயதில் நூறு முறை எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய மகன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அன்றே தேடியிருப்பேன். நீங்கள் எதையும் பாதிதான் சொல்வீர்கள்.

சரி. அந்த இரவுக்கு வருகிறேன்.

2020 நவம்பர் 29. ஊரடங்கு தளர்ந்திருந்த நேரம். முகக்கவசத்தோடு வந்து, கூடத்தில் ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். 7.40க்கு பஹ்ரைனில் பந்தயம் தொடங்கியது. மூன்றாவது வளைவைக் கடந்த கூட்டத்தில் ஒரு கார் சடாரென்று வலப்பக்கம் வெட்டியது. அடுத்த நொடி திரையின் ஓரத்தில் ஒரு தீப்பந்து எழுந்தது. சிவப்புக் கொடி. வர்ணனையாளர்களின் குரல் தாழ்ந்தது. காமிரா அங்கிருந்து நகர்ந்துவிட்டது. எரிவது யாருடைய கார் என்று தெரியவில்லை.

நான் ரிமோட்டை எடுத்தேன்.

பின்னோக்கி ஓட்டினேன். தீப்பந்து. மறுபடி ஓட்டினேன். மறுபடி தீப்பந்து. மூன்றாம் முறை அந்த இடத்தில் அப்படியே நிறுத்தி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். ‘போதும்’ என்றீர்கள். நான் விடவில்லை. நீங்கள் எழுந்து, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போனீர்கள். கேட் மூடும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் நேரலைக்கு மாற்றினேன். ரோமன் குரோஷான் மருத்துவக் காரில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் ஷூ இல்லை. கைகள் வெந்திருந்தன. உயிரோடு இருந்தார்.

அதை நீங்கள் பார்க்கவில்லை. நான் திரையை நிறுத்தி வைத்திருந்ததால் பார்க்கவில்லை. ஒரு மனிதர் எரிந்துபோனார் என்ற நினைப்போடு தெருவிளக்கு இல்லாத அந்தச் சாலையில் வீடு வரை நடந்திருக்கிறீர்கள். மறுநாள் காலைப் பேப்பரில்தான் விஷயம் தெரிந்தது என்று அத்தை பிறகு சொன்னார்கள். அன்று இரவே நான் ஃபோன் செய்திருக்க வேண்டும். ஒரே வரிதான், ‘மாமா, பிழைத்துவிட்டார்’. கையில் ஃபோனை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முதலில் கூப்பிட வேண்டும் என்ற வீம்பு. நான் மன்னிப்புக் கேட்பது அந்த ஒரு வரிக்காக.

ரிமோட்டுக்காகவா என்றால், அங்கே எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கார் எப்படி மோதியது, ஹாலோ தாங்கியதா என்றுதான் பார்த்தேன் என்று என்னிடமே பல நாள் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. அந்தக் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு உள்ளே போய், இரண்டாக முறிந்தது. தலைக்கு முன்னால் இருந்த டைட்டானிய வளைவுதான் அந்தத் தடுப்பை விலக்கியது. இல்லாவிட்டால் முதலில் போய் இடித்திருப்பது அவருடைய ஹெல்மெட். தீக்குள் இருந்தது 27 நொடி. ஆனால் இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. ரிமோட்டை அழுத்திய விரலுக்கு எதுவும் தெரியாது. அது தீயை மறுபடி பார்க்க ஆசைப்பட்டது, அவ்வளவுதான்.

நான் வீட்டில் மூன்று முறை செய்ததை, அவர் பிழைத்தது உறுதியான பின் ஒளிபரப்பாளர்கள் உலகத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்தார்கள், தெரியுமா? மறுபடி பந்தயம் தொடங்கும் வரை எல்லாக் கோணத்திலும் அதே தீ. காரில் ஏறக் காத்திருந்த டேனியல் ரிக்கார்டோ, இதை இப்படித் திரும்பத் திரும்பக் காட்டியது அருவருப்பாக இருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதைக் கேட்டபோது உங்கள் குரல்தான் எனக்குக் கேட்டது.

ஆனால் மாமா, எனக்கு அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது யார்?

பாரிமுனையில் பஸ் ஏற்றி சோழவரத்துக்குக் கூட்டிப்போனவர் நீங்கள். எனக்குப் பத்து வயது. தூக்குச்சட்டியில் எலுமிச்சை சாதம், பழைய விமான ஓடுதளத்தின் மேல் பிப்ரவரி வெயில், நீங்கள் மடித்துக் கொடுத்த பேப்பர் தொப்பி. நேர்ப்பாதையில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் அங்கே போனபோது, என் கையைப் பிடித்து வளைவுக்கு இழுத்துப் போனீர்கள். ‘இங்கேதான் விழுவார்கள்’ என்றீர்கள். ஒருவர் விழுந்தார். வண்டி தனியாகச் சுழன்று வைக்கோல் கட்டில் போய் முட்டியது. அவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நடந்தபோது, என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு விசில் அடித்தீர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு உயரத்திலிருந்து நான் எதையும் பார்த்ததில்லை.

அன்று பிற்பகல் நடந்ததை எழுதப் போவதில்லை. அந்த வீட்டார் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் வளைவில் நிற்கவே இல்லை. நீங்கள் மாறினீர்கள், சரி. என்னையும் அழைத்துக்கொண்டு மாறியிருக்கலாமே! பத்து வயதுப் பையனிடம் ஏன் என்று சொல்லாமல், முப்பது வருடம் கழித்து அவன் இன்னும் அதே வளைவில் நிற்கிறான் என்று கேட்டைச் சாத்திக்கொண்டு போனால் என்ன நியாயம்?

கோபம் வந்துவிட்டது. அழிக்காமல் விடுகிறேன்.

ஹாலோவால் பார்வையாளன் எதையும் இழக்கவில்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பிரேசில் ஓட்டுநர் செனாவின் மஞ்சள் ஹெல்மெட் வளைவுக்குள் சாய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கை எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்தே யார் களைத்துவிட்டார் என்று நீங்கள் சொல்வீர்கள். அது போய்விட்டது. 2023 முதல் எல்லா ஓட்டுநர்களின் ஹெல்மெட்டுக்குள்ளும் காமிரா வைத்துவிட்டார்கள், இப்போது அவர்களின் கண் வழியாகவே பார்க்கிறோம். அதுவும் அற்புதம்தான். ஆனாலும் ஒருவரை வெளியிலிருந்து பார்ப்பது வேறு.

நான் பிசகியது இன்னொரு இடத்தில். ஹான்ஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் உட்காரும் அந்தக் காலர், மோதும்போது தலை முன்னால் பாய்ந்து மண்டையோட்டின் அடி முறியாமல் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்கிறது. 2001இல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் கடைசிச் சுற்றில் இறந்த ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் அதை வேண்டாம் என்றவர். 2003இல் ஃபார்முலா 1 அதைக் கட்டாயமாக்கியபோது, பந்தயத்தின் உயிர் போய்விட்டது என்று நான் யாரிடமும் புலம்பவில்லை. அதுவும் ஆபத்தைக் குறைக்கத்தானே வந்தது? என் கண்ணை அது மறைக்கவில்லை, அதனால் எனக்கு உறுத்தவில்லை. ஆபத்துதான் பந்தயத்தின் உயிர் என்று நான் எழுதியதெல்லாம் கொள்கையே இல்லை. திரையில் ஒரு கம்பி குறுக்கே வந்த எரிச்சல்.

ஆபத்து இருந்தால் சுவை வந்துவிடும் என்றால் 2004 நமக்குத் தித்தித்திருக்க வேண்டும். தலைக்கு மேல் எதுவும் இல்லாத கார்கள். 18 பந்தயங்களில் 13 ஷூமாக்கருக்கு. பாதிப் பந்தயத்தில் நீங்கள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவீர்கள், நான் டிவியின் சத்தத்தைக் குறைப்பேன். 2021 அபுதாபியின் கடைசிச் சுற்றை நான் தனியாகப் பார்த்தேன். வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் சமப் புள்ளியில் வந்த பந்தயம். இரண்டு கார்களிலும் ஹாலோ இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

அதே வருடம் செப்டம்பரில் மோன்சாவில் வெர்ஸ்டாப்பனின் காரே ஹாமில்டனின் தலைமேல் ஏறியது. டயர் ஹாலோவில் தங்கியது. அன்றும் என் கை ரிமோட்டுக்குப் போனது. எடுக்கவில்லை. அவர் இறங்கி நடக்கும் வரை காத்திருந்தேன். 2022இல் சில்வர்ஸ்டோனில் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகச் சறுக்கிக்கொண்டு போனபோதும் காத்திருந்தேன். காத்திருக்கும்போதெல்லாம் 2019 ஸ்பா நினைவுக்கு வரும். ஆந்துவான் ஹூபேரின் காரிலும் ஹாலோ இருந்தது. இருந்தும் இறந்துவிட்டான், 22 வயதில். அன்று நாம் இருவரும் ஒன்றுமே பேசாமல் டிவியை அணைத்தோம்.

2018இல் எழுதியதை அழிக்கச் சொல்லி சுரேஷ் இரண்டு முறை கேட்டான். அழிக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை அதற்கு மேலே வைத்துவிட்டேன். அதைப் படிக்க வருகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நாளை இரவு 9.30க்குக் கத்தார் பந்தயம். முடிய நேரமாகும், உங்கள் இரவு மாத்திரையை அத்தை கையோடு கொடுத்துவிடட்டும். ஒன்பது மணிக்கு வண்டியோடு உங்கள் வாசலில் நிற்பேன். ஹார்ன் அடிக்க மாட்டேன், கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாமே. வர விருப்பமில்லை என்றால் வாசல் விளக்கை அணைத்து வையுங்கள். ஒன்பதே கால் வரை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

உங்கள் மருமகன்