யோசெமிட்டி முகாம்: பதில் தேவை

வணக்கம் பெற்றோர்களே! யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள அப்பர் பைன்ஸ் முகாம் மைதானத்தில் கூடாரம் போட மூன்று இடங்கள் கிடைத்துவிட்டன. 2026 ஜூலை 24 வெள்ளி மதியம் 12 முதல் 26 ஞாயிறு மதியம் 12 வரை.

1. ஓர் இடத்தில் 6 பேர்தான், குழந்தைகளும் கணக்கில் சேரும். ஆக, மொத்தம் 18 பேர்.

2. அங்கே கரடிகள் உண்டு. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன் எல்லாமே முகாமில் உள்ள இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். காரிலோ கூடாரத்திலோ ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். வாசனை பிடித்தால் கார்க் கதவையே பிய்த்துவிடும். தயவுசெய்து பிள்ளைகளின் பைகளையும் பாருங்கள்.

3. விறகு பொறுக்கக் கூடாது, வாங்கிக்கொள்வோம். தீ மூட்ட மாலை 5 முதல் 10 வரை.

4. மெர்செட் ஆற்றில் குழந்தைகளைத் தனியே இறங்க விடாதீர்கள்.

எத்தனை பேர், சொந்தக் கூடாரம் உண்டா என்று இந்த ஞாயிறு இரவு 8 மணிக்குள் இங்கேயே எழுதுங்கள். அப்புறம், யாருக்காவது உணவு ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.