இடப்பக்கம் அடிக்காத இரண்டாவது கன்ட்ரோலர்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
பொருள்: டிவி கேம் பெட்டியின் இரண்டாவது கன்ட்ரோலரில் பி பட்டன் வேலை செய்யாதது; நீங்கள் அதைச் சரிசெய்து தராமல் அலைக்கழிப்பது

ஐயா,

வணக்கம். உங்கள் டிவி கேம் பெட்டியை, இரண்டு பேர் சேர்ந்து ஆடும் 'டபுள் டிராகன்' என்ற சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகம் ஒன்றுக்காகத்தான் வாங்கினேன். விலை நாலாயிரத்துச் சொச்சம். கூட வந்த இரண்டாவது கன்ட்ரோலரில் பி பட்டன் பிரித்த அன்றே வேலை செய்யவில்லை. முதல் கன்ட்ரோலரைக் கழற்றி இரண்டாவது சாக்கெட்டில் மாட்டினால் எல்லாப் பட்டனும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆக, கோளாறு பெட்டியில் இல்லை, கன்ட்ரோலரில்தான். இதை உங்கள் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. கூப்பிடும்போதெல்லாம் புது ஆள், புது புகார் டிக்கெட், "சார், முதல்ல இருந்து சொல்லுங்க."

"ஒரு பட்டன்தானே சார்" என்கிறார்கள். நீங்கள் விற்கிற விளையாட்டு, நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதில் பி இடப்பக்கம் அடிக்க, ஏ வலப்பக்கம் அடிக்க. ஆள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அதேதான். பி போனால் இடப்பக்கத்திலிருந்து வருகிறவனிடம் அடி வாங்கிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். குதிக்க இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும், அதுவும் போச்சு. சுழன்று உதைப்பது, எழும்போது முழங்காலால் இடிப்பது எதுவும் வராது. விளையாட்டில் வரும் சகோதரர்களில் பில்லி நீலச் சட்டையில் பறந்து பறந்து அடிக்க, இரண்டாவது கன்ட்ரோலரில் ஆடும் ஜிம்மி சிவப்புச் சட்டையில் பக்கத்தில் நொண்டிக்கொண்டு நிற்கிறான். இதை எப்படி "சிறு குறை" என்று பதிவு செய்தீர்கள்?

உங்கள் பெண் ஊழியர் ஒருவர், பாவம், மரியாதையாகத்தான் பேசினார். "அதே பெட்டியில் முதல் பாகமும் இருக்கே, அதை ஆடுங்க சார்" என்றார். அம்மா, 1987-இல் ஆர்கேடில் (கடையில் காசு போட்டு ஆடும் மெஷினில்) வந்த முதல் பாகத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், சரி. உங்கள் பெட்டியில் இருப்பது வீட்டு டிவிக்கு வந்தது. அதில் கதையை மாறி மாறித்தான் ஆட முடியும். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்று அடிப்பது 1989-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான். அதற்காகத்தானே காசு கொடுத்தேன்!

இன்னொருவர் இன்னும் மேலே போய், "எளிதான நிலையில் ஆடுங்க, ஒரு பட்டனே போதும்" என்றார். அந்த நிலை ஹெலிகாப்டர் சண்டையோடு, மூன்றாவது கட்டத்திலேயே, முடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாதா? ஒன்பது கட்டமும் பார்க்க வேண்டுமானால் மிகக் கடினமான நிலையில்தான் ஆட வேண்டும்.

இப்போது போனில் பேசிய உங்கள் ஆள் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மறுத்துவிட்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார். எனக்கு என்ன வயது என்று இவரிடம் யார் கேட்டது? பணம் வாங்கும்போது வயது கேட்டீர்களா? அப்புறம் அவர்தான், "மதுரை சர்வீஸ் சென்டருக்கு நேரில் போங்க, கையோடு மாத்தித் தருவாங்க" என்றார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, திருநெல்வேலி வந்து, அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் இடிபட்டு மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். கவுன்டரில் இருந்தவர் கன்ட்ரோலரைக் கையில் வாங்கக்கூட இல்லை. "இந்த அயிட்டம் நாங்க பார்க்கிறதில்லை, சென்னைக்குக் கூரியர் பண்ணுங்க." அங்கிருந்தே உங்களைக் கூப்பிட்டேன். அதே குரல்! "அப்படியா சார்? அப்ப சென்னைக்கு அனுப்புங்க." ஒரு வருத்தம் இல்லை. இராத்திரி வீடு வந்து சேர்ந்தால் போனில் குறுஞ்செய்தி: "வாடிக்கையாளர் திருப்தி அடைந்தார், டிக்கெட் முடிக்கப்பட்டது."

யார் திருப்தி அடைந்தது?

இதற்கு முன்பு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு விலாசம் கொடுத்தீர்கள். அங்கே இப்போது புடவைக் கடை இருக்கிறது. வீடியோ கேட்டீர்கள், அனுப்பினேன். பட்டனை அழுத்துவது தெரியவில்லை என்றீர்கள். மாற்று கன்ட்ரோலர் என்று ஒரு பார்சல் வந்தது; பிரித்தால் எச்டிஎம்ஐ கேபிள். ஜங்ஷனில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பேடு சரியில்லாமல் இருக்கும், திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். ஆனால் திறந்தால் வாரன்டி போய்விடும் என்று நீங்களே ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்.

இத்தனையும் யாருக்காக? என் தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான். ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு வந்திருந்தான். சின்ன வயதில் அம்பாசமுத்திரத்தில் மணிக் கணக்கில் காசு வாங்கும் வீடியோ கேம் கடையில் இந்தக் கேசட்டுக்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. கடைசிக் கட்டத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்த முறை பார்த்துவிடலாம் என்று இருந்தோம். கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல நான் நின்னு வேடிக்கைதான் பார்க்கணும்" என்று வைத்துவிட்டான். லீவு முடிந்து போயும் விட்டான். அடுத்து எப்போது வருவானோ. அவனுடைய விமான டிக்கெட், என் விடுப்பு, பஸ் செலவு, எங்கள் இருவர் மன உளைச்சல் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டம் என்று நான் கருதுகிறேன். குறைவாகத்தான் சொல்கிறேன்.

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, படமும் தெளிவாக வருகிறது. வேலை செய்கிற கன்ட்ரோலர் ஒன்றை வீட்டுக்கு அனுப்புங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். தயவுசெய்து 15 நாளுக்குள் செய்யுங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும், அடுத்து திருநெல்வேலி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இந்தத் தடவை பஸ் ஏறி வர வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சி வாடிக்கையாளர்

பி.கு.: போனில் பேசுவதானால் என் வயதைப் பற்றிப் பேசிய அந்த ஆளைப் பேச வைக்காதீர்கள். யார் பேசினாலும் என் பக்கமும் பேச்சு பதிவு ஆகும்.