ஜெனரலோ ஸ்பெஷலோ, பிள்ளைக்கு அம்மா எழுதுறது

பிள்ளை, நேற்று போன்ல சரியாக் கதைக்க ஏலாமப் போச்சு, கம்பஸ் ஹொஸ்டல் ஹோல்ல சிக்னலும் இல்ல உனக்கு அழுகையும் வந்திட்டுது, அதான் எழுதுறன், ஆறுதலா வாசி.

ஜியோகிரபி ஸ்பெஷல் (ஒரு பாடத்தையே ஆழமாப் படிக்கிற டிகிரி) செய்யப் போறன் எண்டாய், அப்பா உடன தமிழ் செய்யச் சொன்னார், நான் வாயே திறக்கேல்ல. விருப்பமில்லாம இல்ல, எனக்கு இந்த விஷயமே புதுசு. நான் எக்ஸ்டேர்னலா பிஏ செய்தனான், மூண்டு பாடமும் ஒரே அளவு, ஸ்பெஷல் எண்ட கதையே எங்களுக்கு இருக்கேல்ல. இப்ப நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில தமிழுக்கு நாலு பேர் இருக்கினம், ஜியோகிரபிக்கு ஆளில்லாம நான்தான் போய் நிக்கிறன், ஓஎல் பிள்ளையளுக்கு மாப் படிப்பிக்க முதல்நாள் இரவு யூடியூப் பாக்கிறன். இதை அப்பாட்டச் சொல்லாத.

நேற்றே இருந்து விசாரிச்சன். முதலாம் வருஷம் எடுத்த மூண்டு பாடத்தில ஒண்டைத்தான் ஸ்பெஷலாச் செய்யலாம், படிக்காத பாடத்துக்குப் பிறகு போய்க் கேக்க ஏலாது. ஜெனரல் (மூண்டு பாடமும் சேத்துப் படிக்கிறது) மூண்டு வருஷம் 90 கிரெடிட், ஸ்பெஷல் நாலு வருஷம் 120 (பேப்பரில இப்ப ஹொனர்ஸ் எண்டு போடுறாங்கள், எங்களுக்கு ஸ்பெஷல்தான்). கேட்ட எல்லாருக்கும் குடுக்கமாட்டினமாம், முதலாம் வருஷ ரிசல்ட்ஸ் பாத்துத்தானாம். அந்தப் பாடத்தில என்ன கிரேட், மொத்த ஜிபிஏ (எல்லாப் பாடத்தின்ர சராசரிப் புள்ளி) எவ்வளவு எண்டது டிபார்ட்மென்டுக்கு டிபார்ட்மென்ட் மாறும், உன்ர பட்ச்சுக்குத் தந்த ஹான்ட்புக்கைப் பார், சீனியர் அக்காமார் சொல்லுறது அவையின்ர பட்ச் கணக்கு.

இப்ப உனக்கு பொலிட்டிக்கல் சயன்ஸில வந்த அந்த சி கிரேட். ஜியோகிரபில மூண்டு கிரெடிட்டுக்கு ஏ எடுத்தா 4, இதில மூண்டு கிரெடிட்டுக்கு சி எண்டா 2, ரெண்டையும் சேத்துப் பாத்தா 3.00, செக்கண்ட் அப்பர் (ரெண்டாம் வகுப்பு மேல்பிரிவு) தொடங்கிறதே 3.30ல. பிடிச்ச பாடத்தையே கட்டிப்பிடிச்சுக்கொண்டிருந்தா மற்றது ரெண்டும் காலை வாரிவிடும் பிள்ளை. சோதினையை எழுதாம விட்டிட்டு ரிப்பீட்டில (திரும்ப எழுதேக்க) பாப்பம் எண்டும் நினைக்காத, ரிப்பீட்டில எவ்வளவு திறமா எழுதினாலும் சிக்கு மேல தரமாட்டினம், உண்மையா வருத்தம் எண்டா உடன மெடிக்கல் சேர்ட்டிபிக்கட் குடு.

ஸ்பெஷல் கிடைக்காட்டி உலகம் முடிஞ்சுபோகாது, எஸ்எல்ஏஎஸ் (இலங்கை நிர்வாக சேவைச் சோதினை) எழுத டிகிரி இருந்தாக் காணும். ஆனா கம்பஸிலயே லெக்சரரா வர ஆசை எண்டா ஸ்பெஷலும் வேணும் அதில ஃபர்ஸ்ட் கிளாஸோ செக்கண்ட் அப்பரோவும் வேணும். இன்னொண்டு, தமிழ் மீடியத்தில படிச்சாலும் மேல போகப் போக வாசிக்கிறதெல்லாம் இங்கிலிஷ்தான், ஜிஐஎஸ் (கொம்பியூட்டரில மாப் செய்யிறது), ஃபீல்ட் வேர்க், கடைசி வருஷம் ஆய்வு எண்டு நிறைய இருக்கு, நாலாம் வருஷச் செலவை நாங்கள் பாப்பம், இங்கிலிஷை நீ பார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பஸ் முருகன் கோயிலுக்கு, குறிஞ்சிக் குமரனிட்டப் போயிட்டு வா, மனம் கொஞ்சம் ஆறும். முறுக்கும் பருத்தித்துறை வடையும் பஸ்ஸில குடுத்து விடுறன், ரூம் பிள்ளையளுக்கும் குடு. ஹான்ட்புக்கில ஜியோகிரபிக்கு என்ன கேக்கினம் எண்ட பக்கத்தைப் படம் எடுத்து இண்டைக்கே அனுப்பு, அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கேக்க காட்டோணும்.

அம்மா