சிங்கம்புணரி உறவுகளுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி மடல்

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

அப்பா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். இதயத்தின் வலது தமனியில் முழுதாக அடைத்திருந்த இடத்தில் ஒரு ஸ்டென்ட், அதாவது ரத்தக்குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய், வைத்திருக்கிறார்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேன் பார்த்ததில் இதயத்தின் இயங்கு திறன், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் பங்கு, 48 சதவீதம். மாரடைப்பு வந்த ஒருவருக்கு இது நல்ல அளவு. நீங்கள் எல்லோரும் சேர்ந்து மிச்சம் பிடித்துக் கொடுத்த அளவு.

வெறுமனே நன்றி என்று சொல்லிவிட்டுப் போனால், அன்று நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். எங்கள் வீட்டு மூத்தவள் இதயப் பிரிவில் செவிலியர். அவள் விளக்கியதையும் சேர்த்தே எழுதுகிறோம். நாளை யார் வீட்டுக்கும் இது தேவைப்படலாம்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. அப்பாவுக்கு வலி நெஞ்சில் இல்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே, மேல்வயிற்றில். கூடவே குமட்டல், வாந்தி. பார்க்கிற எவரும் வாயு என்றுதான் சொல்வார்கள். சோடா வாங்க ஆளும் கிளம்பிவிட்டது. அக்காதான் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடம்பு சில்லுன்னு வேர்க்குது, இது வாயு இல்ல" என்று நிறுத்தினார். இதயத்தின் அடிப்பாகம் வயிற்றுக்கு மேலே இருக்கிற உதரவிதானத்தை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் ரத்தம் நின்றால் வலி வயிற்று வலி போலவே தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதோடும் வரும். தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் எங்கே வலித்தாலும், அதோடு குளிர்ந்த வியர்வை சேர்ந்தால், இதயத்துடிப்பைத் தாளில் பதிகிற இசிஜி எடுக்கும்வரை அதை வாயு என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

மெடிக்கல் அண்ணனுக்கும் நன்றி. வலிக்கு ஊசி போடச் சொல்லி நம்மவர்களே கெஞ்சியபோது மறுத்தார். அந்த ஊசி வலியை மட்டும் மறைத்திருக்கும். அடைப்பு அங்கேயேதான் இருந்திருக்கும். அது மட்டுமல்ல. மாரடைப்புக்கு ரத்தத்தை இளக்கும் மருந்துகள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்னால் இடுப்பில் ஊசி போட்டிருந்தால் அந்தத் தசைக்குள்ளேயே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளக்கூடும்.

அப்பாவை ஓர் அடிகூட நடக்கவிடாமல் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் வைத்த தம்பிகளே, "என்னால நடக்க முடியும்ப்பா" என்று அவர் சொன்னதை நீங்கள் கேட்காததுதான் சரி. நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் இதயம் கூடுதல் ரத்தம் கேட்கும், கொடுக்க வழி இருக்காது. பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோயிருந்தால் வழியில் மயங்கிச் சாய்ந்திருக்கக்கூடும்.

நேரே மதுரைக்கு என்று காரை எடுக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனதுதான் அன்றைய நாளின் பெரிய முடிவு. போய்க்கொண்டே 108-ஐ அழைத்து, வண்டியை அங்கேயே வரச் சொன்னதும் நல்லதாயிற்று. உள்ளே போன பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துவிட்டார்கள். அங்கிருந்த செவிலியர் தங்கை ஒரு தாளோடு விடவில்லை. மார்பின் இடப்பக்கம் இருந்த ஓர் ஒயரை வலப்பக்கம் மாற்றி ஒட்டி இன்னொரு இசிஜி எடுத்தார். இதயத்தின் வலது அறையும் பாதிக்கப்பட்டிருப்பது அதில்தான் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தக்குழாயை விரிப்பதற்காக நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை ஆபத்து. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அப்பாவுக்கு அப்போது மேல் அழுத்தமே 90தான். தன் சட்டைப்பையிலிருந்த சார்பிட்ரேட்டை எடுத்து நீட்டிய பெரியப்பா, செவிலியர் வேண்டாம் என்றதும் கோபப்படாமல் உள்ளே வைத்துக்கொண்டார். அதற்கும் சேர்த்து நன்றி, பெரியப்பா. ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2023-இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டம் கொண்டுவந்ததிலிருந்து கிராமத்துச் சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இருக்கின்றன. மொத்தம் 14. ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரின் 150 மில்லிகிராமில் 2, குளோபிடோக்ரல் 75-இல் 4, கொழுப்பைக் குறைக்கிற அட்டோர்வாஸ்டாட்டின் 10-இல் 8. செவிலியர் தங்கை ஆஸ்பிரின் இரண்டையும் அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, "கடிச்சு மென்னுங்க ஐயா, அப்படியே முழுங்காதீங்க" என்றார். மென்றால் மருந்து சீக்கிரம் ரத்தத்தில் சேரும். மேல்பூச்சு உள்ள ஆஸ்பிரினை முழுதாக விழுங்கினால் நேரம் பிடிக்கும். வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிகிறவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், பக்கவாத அறிகுறி உள்ளவர்கள், நினைவில்லாதவர்கள் ஆகியோருக்கு வீட்டில் யாரும் தாமாக இதைக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்த மாத்திரையையும் கொடுத்த நேரத்தையும் பரிந்துரைச் சீட்டின் தலைப்பிலேயே பெரிதாக எழுதி அனுப்பினார் அந்தத் தங்கை. மதுரையில் முதலில் கேட்ட கேள்வியே அதுதான்.

108 வண்டியில் வந்த இருவருக்கும் எந்தச் சொல்லால் நன்றி சொல்வது? மேலூருக்கு முன்னால் நான்குவழிச் சாலையில் அப்பாவின் இதயத்துடிப்பு தாறுமாறாகி நினைவு போய்விட்டது. உடனே ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். ஏன் நிறுத்துகிறீர்கள், வேகமாகப் போங்கள் என்று எங்களில் ஒருவர் கத்தினோம். அந்தத் தம்பி பதில் பேசாமல் பின்பக்கம் ஏறி நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டார். ஓடுகிற வண்டியின் குலுக்கலில் மின்னதிர்ச்சிக் கருவியால் துடிப்பைச் சரியாகப் படிக்க முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. மருத்துவ உதவியாளர் எல்லோரையும் விலகச் சொல்லி ஒரு அதிர்ச்சி கொடுத்தார். கொடுத்ததும் சும்மா நின்று பார்க்கவில்லை. மறுபடி இரண்டு நிமிடம் அழுத்தினார்கள். நெஞ்சின் நடு எலும்பில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். விடாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. இளைஞர் மன்றத் தம்பிகள் இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னீர்கள். பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுக்க மூத்தவள் ஏற்பாடு செய்கிறாள், மன்றக் கட்டடத்தைத் திறந்து வையுங்கள்.

மதுரை மருத்துவமனையில் வார்டில் படுக்கவைக்காமல் இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கிற கேத் லேபுக்கு நேரே கொண்டுபோனார்கள். சுகாதார நிலையத்து மருத்துவர் இசிஜியை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஃபோனிலும் பேசியிருந்ததால் அங்கே எல்லோரும் தயாராக இருந்தார்கள். மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகவே அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

ரத்தம் கொடுக்க வேன் பிடித்து வந்த கயிறு ஆலைத் தோழர்களே, ஸ்டென்ட் வைக்கப் பெரும்பாலும் ரத்தம் தேவைப்படாது என்று தெரிந்த பிறகும் நீங்கள் திரும்பிப் போகவில்லை; ரத்த வங்கியில் கொடுத்துவிட்டுத்தான் போனீர்கள். அது யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஆதார், குடும்ப அட்டை மூன்றையும் வீட்டுப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு அன்றிரவே பஸ் ஏறிய மாமாவுக்கு நன்றி. ஆதாரில் ஓர் எழுத்தும் காப்பீட்டு அட்டையில் வேறு எழுத்துமாக அப்பாவின் பெயர் இருந்ததால் காப்பீட்டுப் பிரிவில் கொஞ்சம் இழுத்தது. குடும்ப அட்டையை வைத்து அதைச் சரிசெய்தார்கள். உங்கள் வீட்டு அட்டைகளில் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அட்டையே இல்லாதவர்கள் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம்.

சிகிச்சைக்குக் காப்பீடு இருந்தாலும், உடனிருப்பவர்களின் சாப்பாடு, பஸ், தங்குமிடம், வேலைக்குப் போகாத நாட்களின் கூலி இதெல்லாம் அதில் வராது. அங்கேதான் நீங்கள் கொடுத்த பணம் எங்களைத் தாங்கியது. வந்தது 42,500 ரூபாய். சாப்பாடும் போக்குவரத்தும் 11,200. வெளியில் வாங்கிய மாத்திரைகளும் ரத்த அழுத்தக் கருவியும் 6,300. வீட்டுச் செலவும் குழுக் கடன் தவணையும் 15,000. மீதி 10,000 ரூபாயை இளைஞர் மன்றத்திடம் கொடுத்திருக்கிறோம். அடுத்து யாரையாவது இரவில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால் கைச்செலவுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதுகளோடு கணக்கு நோட்டு மளிகைக் கடையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

கயிறு ஆலை முதலாளி ஐயா, நார்க்கட்டு தூக்குகிற வேலைக்குப் பதிலாக உட்கார்ந்து எண்ணிக்கை எழுதுகிற வேலை தருவதாகச் சொன்னது அப்பாவுக்குப் பெரிய தெம்பு. மருத்துவர் சரி என்றதும் வருவார்.

இன்னும் சில உதவிகள் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரு வருடத்துக்கு ஒருநாள்கூட விடக் கூடாது; நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடக்கூடும். பல் பிடுங்க வேண்டியிருந்தாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. "நல்லாத்தானே இருக்கீங்க, எதுக்கு இத்தனை மாத்திரை, நாட்டு மருந்து இருக்கு" என்று அன்பால்கூட யாரும் சொல்லிவிடாதீர்கள். விருந்துக்குக் கூப்பிடுங்கள், வருவார். இலையில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். சாயங்காலம் கோயில் தெருவில் நடக்கும்போது யாராவது கூடவே நடந்தால் எங்களுக்கு நிம்மதி. டீக்கடை அண்ணன்களே, அப்பா பீடி கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

என்றும் நன்றியுடன்,
அம்மாவும் பிள்ளைகளும்